விலா எலும்புக்குக் கீழே

மத்திய சிறை, மருத்துவப் பிரிவு
11.06.2025

ஷெர்லினுக்கு,

கஸ்பார் எழுதுவது. கவர் மேல் இருக்கிற முத்திரையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். இதற்கு முன் எழுதிய ஐந்தையும் நீ கிழித்துப் போட்டிருப்பாய். இதையும் கிழித்துக்கொள், ஆனால் படித்துவிட்டுக் கிழி. இதில் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். இங்கே வாரத்தில் சில நாள் பேச விடுகிறார்கள். உன் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ எடுப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பொய், வருத்தம் உண்டு. ஆனால் குறை சொல்ல மாட்டேன்.

ஆறு மாதமாக எனக்கு ஆஸ்பத்திரி வார்டில் வேலை. ஹார்பரில் இருபது வருடம் கிரேன் ஓட்டியவன், இப்போது படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போடுகிறேன். ஆன்றோ என்று ஒருவர் இருந்தார். நாகர்கோவில் பக்கம், அறுபது வயது, பக்கவாதம். கஞ்சி ஊட்டுவதிலிருந்து துடைத்து விடுவதுவரை அவருக்கு எல்லாம் நான்தான். போன வியாழக்கிழமை இறந்துபோனார். நிமோனியா.

இறப்பதற்கு முன் இரண்டு நாளாக அவர் நெஞ்சுக்குள் ஒரு சத்தம். டம்ளரின் அடியில் கொஞ்சம் ஜூஸ் மிச்சம் இருக்கும்போது ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் வருமே, அப்படி. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. கஞ்சி வேண்டாம் என்றார். தூங்கிக்கொண்டே இருந்தார். நன்றாகத் தூங்குகிறாரே என்று எனக்குச் சந்தோஷம்கூட. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் தேவப்பிரியம் சார் லீவு முடிந்து வந்தார். எட்டிப் பார்த்ததுமே, "என்ன வே, தூங்குதாருன்னா சொல்லுத? மூச்ச எண்ணிப் பாத்தியா?" என்றார். எண்ணினோம். நிமிடத்துக்கு முப்பத்தாறு. உடனே வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் செய்தி வந்தது.

படுத்தே கிடப்பவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரும் என்று சார் பிறகு சொன்னார். அது சளியாகத் தெரியாதாம், சோம்பலாகத்தான் தெரியுமாம். சாப்பாடு வேண்டாம் என்பார்கள், பேச்சு குறையும் அல்லது குழறும், மூச்சு மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். தம்பி வில்சனுக்கும் கழுத்துக்குக் கீழே பலமில்லை. அவனாலும் இழுத்து இரும முடியாது. அவன் வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து எண்ணு. இருபதுக்குள் என்றால் பயமில்லை. இருபத்தைந்தைத் தாண்டினால் டாக்டரிடம் போ. முப்பது என்றால் யாரையும் கேட்காதே, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாய். அதை நானும் கேட்டுக்கொண்டேன். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதில் வேண்டாம்.

கஸ்பார்

*

திருவொற்றியூர்
02.07.2025

கஸ்பார் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

முன்பின் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தீர்களாம், அவர் செத்ததும் உங்களுக்குக் கண் திறந்ததாம். நல்லது. உங்கள் கூடப் பிறந்தவரை, என் புருஷனை, நான் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுகிறேன். சாய்த்து உட்கார வைத்து ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டுகிறேன். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடுவதில்லை. வாயில் கிருமி இருந்தால் அது நெஞ்சுக்கு இறங்கும் என்று டாக்டர் சொன்னதால் ஒரு நாளைக்கு மூன்று தடவை பல் துலக்கி விடுகிறேன். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

அந்த ஈஸ்டர் சாயங்காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கல்மண்டபம் வீட்டை விற்பதா வேண்டாமா என்று மொட்டைமாடியில் சண்டை. இரண்டு பேரும் குடித்திருந்தீர்கள். பின்பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லை என்று அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தெரியும். தள்ளினீர்கள். கன்டெய்னர் லாரி ஓட்டியவர் இன்று தன் மூக்கில் உட்கார்ந்த ஈயைத் தன் கையால் விரட்ட முடியாமல் கிடக்கிறார். கோர்ட் உங்களுக்கு ஏழு வருடம் கொடுத்தது. அவருக்கு எத்தனை வருடம் என்று யாரும் சொல்லவில்லை.

படி ஏற முடியாது என்பதால் இங்கே தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் மணலி ஆலைகளின் நாற்றம், லாரிப் புழுதி. மூடினால் புழுக்கம். முதல் வருடம் கோயில் ஆட்கள் வந்தார்கள், ஜெபம் சொன்னார்கள், ஆப்பிள் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தார்கள். இப்போது பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா அக்கா ஒருவர்தான். நான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில் கேட்டில் நின்று தினமும் இருநூறு டிரைவர்களிடம் பேசுவேன். இப்போது கும்மிடிப்பூண்டி ரயில் போகிற சத்தத்தை வைத்து மணி சொல்லப் பழகிவிட்டேன்.

உங்களுக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேட்பதற்கு எனக்கே கேவலமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்தச் சத்தம் இவருக்கும் அடிக்கடி வருகிறது. இருமப் பார்க்கிறார், முகம் சிவக்கிறது, சளி பாதி வரை ஏறி அங்கேயே நிற்கிறது. பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்போது என்ன செய்வது?

ஷெர்லின்

*

மத்திய சிறை
09.07.2025

ஷெர்லினுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கேள்வியை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு தேவப்பிரியம் சாரிடம் போனேன். மற்றதை அவருக்குக் காட்டவில்லை. நீ எழுதியது எல்லாம் சரி. ஒரு வரிகூட மிகையில்லை.

அவனால் இரும முடியாதது நெஞ்சால் அல்ல, வயிற்றால். இருமும்போது நம் வயிறு இறுகி மூச்சை வெளியே தள்ளுகிறது. அவன் வயிறு இறுகாது. அந்த வேலையை உன் கைகள் செய்ய வேண்டும். அவனை மல்லாக்கப் படுக்க வை. இரண்டு உள்ளங்கைகளையும் தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே வை. எலும்பின் மேல் கூடாது. மூச்சை நன்றாக இழுக்கச் சொல். மூன்று எண்ணி, அவன் இருமுகிற அதே நொடியில் உள்ளே அழுத்தி மேல்நோக்கித் தள்ளு. அவன் இருமலும் உன் தள்ளலும் ஒன்றாக விழ வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பலனில்லை. சாப்பிட்டவுடன் செய்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு மணி நேரமாவது ஆகட்டும்.

சார் கண்டிப்பாக எழுதச் சொன்னது: "காயிதத்தப் பாத்துச் செய்யக் கூடாது. தெரபிஸ்ட் ஒருத்தர் அந்தப் பிள்ள கையப் பிடிச்சு ஒரு தடவ காட்டணும்." வில்சனைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிற ஆஸ்பத்திரியில் கேள்.

எனக்குச் சார் தன் வயிற்றிலேயே என் கைகளை வைத்துக் காட்டினார். தள்ளு என்றார். என் கை எழும்பவில்லை. "என்ன வே?" என்றார். ஒருவரை இந்தக் கைகளால் தள்ளுவது, என்றேன். என் கைகளைப் பிடித்து மறுபடி தன் வயிற்றில் வைத்து, தள்ளு என்றார். தள்ளினேன்.

அவன் எப்போதாவது என்னைப்பற்றி...

வேண்டாம். அதை விடு.

கஸ்பார்

*

திருவொற்றியூர்
20.08.2025

கஸ்பார் அவர்களுக்கு,

தெரபிஸ்ட் அம்மா காட்டிக் கொடுத்தார். முதல் மூன்று நாள் எனக்கு வரவில்லை. நான்காம் நாள் மத்தியானம், மூன்று எண்ணித் தள்ளியதும் மஞ்சளாக ஒரு கட்டி வெளியே வந்து விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழு மூச்சு ஒன்று விட்டார். அப்படி ஒரு மூச்சை அவரிடம் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று! பிறகு, "இன்னாடி, மேல ஏறி குஸ்தி போடுற?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயமாகிவிட்டது, யாரிடம் கற்றாய் என்று கேட்பாரோ என்று. தெரபிஸ்ட் அம்மாவிடம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதம் எழுதவே வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் இதைச் சொல்ல வேறு ஆளில்லை. சளி வந்தது என்று ஒருவர் சந்தோஷப்படுவதை யார் புரிந்துகொள்வார்கள்? ரஹீமுன்னிசா அக்காவிடம் சொன்னேன், "அய்ய, கலீஜ்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு நாளாக ஆள் கொஞ்சம் மந்தம். பேச்சு குறைவு. காலையில் கஞ்சியைப் பாதியில் விட்டுவிட்டார். மணலிப் பக்கத்திலிருந்து இந்த வாரம் ஒரே புகை, அதனாலாக இருக்கும். காய்ச்சல் இல்லை. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு இருமல் சிரப் கொடுத்தார். குடித்ததிலிருந்து இருமல் அடங்கி நன்றாகத் தூங்குகிறார். எனக்கும் கொஞ்சம் ஓய்வு. அதனால்தான் இவ்வளவு எழுத முடிந்தது.

ஷெர்லின்

*

மத்திய சிறை
26.08.2025

ஷெர்லின்,

உன் கடிதம் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. ஆறு நாள் ஆகிவிட்டது.

அது தூக்கம் இல்லை. இருமலை அடக்குகிற மருந்து அவனுக்குக் கூடாது. இருமல் ஒன்றுதான் அவனுடைய சளியை வெளியே அனுப்புகிற வழி. மூச்சை எண்ணு. விரல் நகத்தைப் பார், நீலமாக இருக்கிறதா? எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்குப் போ.

போன் செய்தேன். லைன் கிடைக்கவில்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சி மறுபடி செய்தேன். நலன் அலுவலர் தன் அறையிலிருந்து இரண்டு தடவை செய்து பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப் என்று வருகிறது. நீ இருக்கிற இடத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான். இந்தக் கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ!

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அங்கே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. நீ படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன்.

உடனே போ அம்மா.

கஸ்பார்

*

திருவொற்றியூர்
19.09.2025

மாமா,

உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆகஸ்ட் இருபத்திரண்டு, மத்தியானம் மூன்று மணி இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "அம்மா, லாரிய யாரு எட்த்துகினு போறா? பிரேக் புடிக்கல, சொல்லு" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் என்னைப் பார்த்துத்தான் அம்மா என்கிறார். உதடு ஒரு மாதிரி கருத்திருந்தது. மூக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்தது. நெற்றியில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. அந்த ஜில்லைத் தொட்டதும்தான் உங்கள் முதல் கடிதம் முழுவதும் கண்முன் வந்தது. எண்ணினேன். முப்பத்து நான்கு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்தைந்து.

கத்தினேன் போலிருக்கிறது. ரஹீமுன்னிசா அக்கா ஓடி வந்தார். தெருமுனை டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "டாக்டரும் வோணாம் ஒண்ணியும் வோணாம். மூஞ்சப் பாரு, எப்டி கீது! நேரா பெரியாஸ்பத்திரி" என்று அவரே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வண்டி வருவதற்குள் மூன்று தடவை வயிற்றில் கை வைத்துத் தள்ளினேன். பச்சையும் ரத்தத் துளியுமாகக் கொஞ்சம் வந்தது.

வலது நுரையீரலில் நிமோனியா. மாஸ்க்கில் ஆக்சிஜன், ஊசியில் மருந்து, குழாய் விட்டுச் சளியை உறிஞ்சினார்கள். பதினாறு நாள் இருந்தோம். டாக்டர் சின்னப் பெண்தான். "அரை நாள் தள்ளி வந்திருந்தா தொண்டையில டியூப் போட்டிருப்போம். எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க, ஜுரமே இல்லையே?" என்று கேட்டது.

போன் சார்ஜ் தீர்ந்து பையில் கிடந்தது. ஐந்தாம் நாள் வார்டில் ஒருவரிடம் சார்ஜர் வாங்கிப் போட்டேன். நீங்கள் கூப்பிட்டதாக வரிசையாகச் செய்திகள் வந்தன. எந்த எண் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக எடுக்காமல் விட்ட எண். வராண்டாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் அந்த வாரம் எங்களைத் தேடியது அந்த எண் ஒன்றுதான்.

அவருக்குத் தெளிவு வந்ததும் அதே கேள்வியைக் கேட்டார். "எப்டி தெரிஞ்சுது ஒனக்கு?" மறைக்கத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். கடிதங்களை, கை வைக்கும் இடத்தை, எல்லாவற்றையும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் கஞ்சி ஊட்டும்போது சொன்னார். "நான்தான் மொதல்ல அவன் சட்டைய புட்ச்சேன். படிக்கட்டு செவுத்துல அவன மோதுனேன். அப்பால்தான் அவன் தள்ளுனான். நீ பாத்துகினுதான இருந்த? கோர்ட்ல அத்த நீ சொல்லவேயில்ல."

ஆமாம் மாமா. நான் பார்த்தேன். வக்கீல் கேட்டபோது, இவர் சும்மா நின்றுகொண்டிருந்தார், நீங்கள் ஓடி வந்து தள்ளினீர்கள் என்றுதான் சொன்னேன். சத்தியம் வைத்துவிட்டுச் சொன்னேன். அப்போது இவர் ஐசியூவில் கிடந்த முகம்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் கூண்டில் நின்று என்னைப் பார்த்தீர்கள். மறுத்துப் பேசவில்லை. ஏன்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடுங்கள். எடுக்கிறேன். நான் பேச மாட்டேன், அவர் காதில் வைக்கிறேன். அவருக்கு ஒரு மூச்சுக்கு நாலைந்து வார்த்தைதான் வரும். நடுவில் பேசி அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஷெர்லின்

*

மத்திய சிறை
24.09.2025

அன்புள்ள ஷெர்லின்,

நேற்று நீ போனை எடுத்தாய். ஹலோ சொல்லவில்லை. வளையல் சத்தத்தில் நீ என்று தெரிந்தது.

முதலில் உன் கேள்விக்குப் பதில். கோர்ட்டில் ஏன் பேசவில்லை என்று கேட்டாய். யார் முதலில் சட்டையைப் பிடித்தது என்பதை நிரூபித்து நான் வெளியே வந்திருந்தால் எந்த வீட்டுக்குப் போவேன்? அவன் கீழே கிடந்தான், நான் மேலே நின்றேன். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நீ சொன்னது பொய் என்றாலும், அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவன் நான். அதை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அவன் குரல் அவ்வளவு சின்னதாகிவிட்டது என்று நீ எழுதியிருந்தும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஹார்பர் கேட்டில் நின்று கூப்பிட்டால் கிரேன் மேல் இருக்கிற எனக்குக் கேட்கும், அப்படிப்பட்ட தொண்டை. நேற்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஒரு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டேன்.

"அண்ணாத்த" என்றான். நீ சொன்னபடி காத்திருந்தேன்.

அவன் சொன்னது உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. போனை அவன் காதில் வைத்திருந்தாய், முகத்தை அந்தப் பக்கம் வைத்திருந்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். "நீ வெளிய வந்தீன்னா... பகல்ல என்னிய நீ பாத்துக்கோ... அவ கொஞ்சம் தூங்கட்டும்... அவ தூங்கி மூணு வருசம் ஆவுது." இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் சரி என்பதற்குள் நேரம் முடிந்து லைன் அறுந்துவிட்டது.

தண்டனைக் கழிவு எல்லாம் போனாலும் எனக்கு இன்னும் மூன்று வருடமாவது இருக்கிறது. அதுவரை என்ன ஆகும் என்று டாக்டர் உன்னிடம் சொல்லியிருப்பார். அவன் கேட்டான் என்பதற்காக மட்டும் நான் வந்து உன் வாசலில் நிற்க மாட்டேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். நிஜத்தை எழுது.

ஆன்றோ கட்டிலில் இப்போது வேறொருவர். காலை, மாலை அவர் மூச்சை எண்ணி நோட்டில் எழுதி வைக்கிறேன். இங்கே ஒரு பிளாக்கில் அறுபது பேர். என்னிடம் பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் நேற்று நாலு மணிக்குப் பிறகு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. பேசினால் அந்தக் குரல் காதிலிருந்து போய்விடும் போல இருந்தது.

கஸ்பார்

*

திருவொற்றியூர்
08.10.2025

மாமா,

அவர் சொன்னது எனக்குக் கேட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உங்களிடம் சொன்னார். லைன் அறுந்ததும் சண்டை போட்டேன். "எனக்குத் தூக்கம் வேணும்னு நான் சொன்னேனா? அவுரு வந்து உன்னத் தொடுறத நான் பாத்துகினு இருக்கணுமா?" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தார். மூச்சைப் பார்த்ததும் நடிப்பு என்று தெரிந்துவிட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

நிஜத்தை எழுதச் சொன்னீர்கள்.

டாக்டர் சொன்னது இதுதான். இது மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். அடுத்த தடவை டியூப் போட வேண்டி வந்தால் போடலாமா என்று இப்போதே நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளச் சொன்னார். இவர் தெளிவாகச் சொல்லிவிட்டார், டியூப்பும் மெஷினும் வேண்டாம் என்று. மருந்தும் ஆக்சிஜனும் போதும், மூச்சுத் திணறாமல் இருக்க என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுக்கட்டும், நான் பக்கத்தில் இருந்தால் போதுமாம். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் ஒத்துக்கொண்டு தலையாட்டினேன். ஆஸ்பத்திரி பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதால் எழுதுகிறேன். மூன்று வருடம் என்பது எங்களுக்கு மிக நீளமான கணக்கு.

உங்களை நான் மன்னிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்கிற ஜெப வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். நான் சொன்ன பொய்யைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அதை எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு அப்பீலில் உதவுமா என்று ஒரு வக்கீலிடமும் கேட்கப் போகிறேன். அது உங்களுக்காக இல்லை. எனக்காக.

செவ்வாய்க்கிழமைகளில் கூப்பிடுங்கள். அவர் காலையிலிருந்தே அதற்காகத் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரி பண்ணிக்கொள்கிறார். போன வாரம் நீங்கள் பேசும்போது போனை அவர் தோளுக்கும் தலையணைக்கும் நடுவே செருகி வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். கண் விழித்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. போன் எப்போதோ அணைந்துபோயிருந்தது. என்னை எழுப்ப வேண்டாம் என்று அவர் புரட்டிப் போடுகிற நேரத்தைத் தாண்டியும் அப்படியே கிடந்திருக்கிறார்.

இந்த வீட்டில் இருப்பது ஒரே அறை. அவர் கட்டில் போக, நான் பாய் விரிக்கிற இடம் மட்டும்தான் மிச்சம். நேற்று வீடு பெருக்கும்போது, நீங்கள் வந்தால் எங்கே படுப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பீரோவைச் சமையல் பக்கம் நகர்த்தினால் ஓர் ஆள் படுக்கலாம். அப்படி யோசித்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பீரோவை இன்னும் நகர்த்தவில்லை.

ஷெர்லின்